ஆற்றுதலும் நொதித்தலும்: வீட்டுப் பியராக்கத்தில் குறைசெலவு வளியூட்டல் பற்றியும் மலைநாட்டு உழைப்பறிவு பற்றியும் ஒரு விளக்கம்

இலக்கிய ஆய்வினைத் தொழிலாகக் கொண்ட நாம் பியர் ஆக்கும் நுட்பமொன்றினைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். எனினும் சொல்லின் வரலாறு உழைப்பின் வரலாற்றிலிருந்து பிரித்தறிய முடியாதது என்பதை ஏற்றுக்கொள்ளும் எவரும் அடுக்களையிலும் தொழிற்சாலையிலும் வழங்கும் சொற்களை ஆய்வுக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிட இயலாது. கொத்மலைப் பிரதேசத்துத் தோட்டங்களில் ஒரு சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். அது ‘நொதித்தல்’. தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டப்பட்ட கொழுந்து செந்நிறம் பெறும் கட்டத்துக்கு அது பெயர். மதுவாக்கத்தில் இனிப்புச் சாறு மதுவாக மாறும் கட்டத்துக்கும் அதுவே பெயர். இவ்விரண்டும் ஒன்றா என்ற வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய். அதற்கு விடைகாண வேண்டுமாயின் இரண்டிலும் வளி, அதாவது காற்று, வகிக்கும் பங்கினை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

1. முளைச்சாறும் அதன் குறைபாடும்

பியர் ஆக்கத்தின் மூலப்பொருள் முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமை. தானியம் முளைவிடும்போது அதன் மாப்பொருளை வெல்லமாக மாற்றவல்ல நொதியங்கள் தோன்றுகின்றன. முளைதானியத்தை இடித்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள நீரில் ஒரு மணித்தியாலம் வரை ஊறவைத்தால் அந்நொதியங்கள் தம் தொழிலைச் செய்து முடிக்கின்றன. வடிகட்டிப் பெறப்படும் இனிப்பான நீரை ஆங்கிலத்தில் ‘வோர்ட்’ என்பர். இக்கட்டுரையில் அதனை முளைச்சாறு என வழங்குவோம். இச்சாற்றில் ‘ஹொப்ஸ்’ என்னும் கொடியின் பூவினைக் கைப்புக்காகவும் மணத்துக்காகவும் இட்டு, ஒரு மணித்தியாலமளவு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவத்தைச் சேர்ப்பர். கடைகளில் ‘ஈஸ்ட்’ என விற்கப்படுவதே நமது பாடநூல்கள் கூறும் மதுவம். அது வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடுகின்றது.

இங்குதான் ஒரு முரண்பாடு எழுகின்றது. கொதித்தல் சாற்றிலுள்ள கேடுசெய் கிருமிகளை அழிக்கின்றது. அதே கொதித்தல் சாற்றில் கரைந்திருந்த ஒட்சிசனையும் வெளியேற்றிவிடுகின்றது. சாற்றைத் தூய்மையாக்கிய செயலே அதனை மதுவத்துக்கு வறிய நிலமாகவும் ஆக்கிவிடுகின்றது. இழந்த ஒட்சிசனை மீண்டும் ஊட்டும் செயலே வளியூட்டல் ஆகும்.

நொதித்தல் வளியில்லா நிலையில் நிகழ்வது எனக் கற்ற மாணவருக்கு இது குழப்பம் தரலாம். நொதித்தலையும் வளியையும் தொடர்புபடுத்தி ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். வளி மிகும்போது மதுவம் பல்கிப் பெருகுகின்றது, ஆனால் அது உண்ணும் வெல்லத்தின் அளவுக்கு நொதித்தல் குறைகின்றது என்பதை அவர் 1861இல் எடுத்துக்காட்டினார். பியர் பற்றிய அவரது தனிநூல் 1876இல் வெளிவந்தது. வளி இன்றியமையாததற்கான உயிரிரசாயனக் காரணம் பிற்காலத்திலேயே தெளிவாயிற்று. 1953, 1954 ஆம் ஆண்டுகளில் அந்திரேயசன், ஸ்ரையர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, மதுவம் தன் கலமென்சவ்வைக் கட்டுவதற்கு வேண்டிய எர்கொஸ்ரரோலையும் நிரம்பாக் கொழுப்பமிலங்களையும் ஒட்சிசன் இன்றி ஆக்கிக்கொள்ள இயலாது. சவ்வு நலிந்த கலம் பல்க மாட்டாது. அற்ககோல் மிகுந்துவரும் சூழலையும் தாங்காது. அதன் விளைவாக நொதித்தல் இடைநடுவில் நின்றுபோகும், வெல்லம் எஞ்சும், விரும்பத்தகாத மணங்கள் தோன்றும். ஆகவே வளி வேண்டப்படுவது நொதித்தலுக்கன்று. நொதிக்கப்போகும் உயிரினத்தின் உடலைக் கட்டுவதற்கே. தொடக்கத்தில் ஊட்டப்பெறும் ஒட்சிசனை மதுவம் சில மணித்தியாலங்களுக்குள் முற்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் நிகழ்வது வளியற்ற வாழ்வே.

2. எவ்வளவு வேண்டும்?

சாதாரண வலுவுடைய பியருக்கு முளைச்சாற்றின் ஒவ்வோர் இலீற்றருக்கும் 8 முதல் 10 மில்லிகிராம் வரையான ஒட்சிசன் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வளியை மட்டும் பயன்படுத்துமிடத்து, கடல்மட்டத்தில் 20 பாகையில் ஏறத்தாழ 8 மில்லிகிராமே உச்சவரம்பு. அதற்கு மேற்செல்லத் தூய ஒட்சிசன் தேவை. பெருந்தொழிற்சாலைகள் துருவேறா உருக்கினாலான நுண்துளைக் கற்களினூடாக அழுத்திய ஒட்சிசனைச் செலுத்துவது இதன் பொருட்டே.

இவ்வளவினை வீட்டளவில் கணித்துப் பார்ப்போம். 20 இலீற்றர் சாற்றுக்கு 8 மில்லிகிராம் வீதம் வேண்டிய ஒட்சிசன் 160 மில்லிகிராம். ஓர் இலீற்றர் வளியின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம், அதில் ஒட்சிசன் ஏறத்தாழ 0.28 கிராம். எனவே 20 இலீற்றர் சாற்றுக்குத் தேவையான ஒட்சிசன் முழுவதும் 0.6 இலீற்றர் வளியில் அடங்கியிருக்கின்றது. ஒரு சாராயப் போத்தலின் கொள்ளளவுக்கும் இது குறைவே. இதிலிருந்து பெறப்படுவது யாது? பிரச்சினை வளியின் பற்றாக்குறையன்று. வளியும் நீரும் ஒன்றையொன்று தொடும் பரப்பின் பற்றாக்குறையே பிரச்சினையாகும். விலைகூடிய கருவியும் மலிவான கருவியும் செய்வது ஒரே காரியம்: அப்பரப்பினைப் பெருக்குதல். குறைசெலவு முறைகள் யாவும் இவ்வுண்மையின் மீதே நிற்கின்றன.

3. குறைசெலவு முறைகள்

(அ) ஆற்றுதல். தூய்மைசெய்த இரு பாத்திரங்களுக்கிடையே, ஏறத்தாழ ஒரு முழ உயரத்திலிருந்து, சாற்றைப் பல தடவை மாறிமாறி ஊற்றுவது. தேநீர்க்கடையில் நாம் நாள்தோறும் காணும் செயல் இதுவே. நுரை எழுவது வளி உட்புகுந்தமைக்கு அடையாளம். செலவு எதுவுமில்லை, சாற்றின் அளவு பெரிதாயின் முதுகு நோகும் என்பதே குறை.

(ஆ) குலுக்குதல். கலத்தில் மூன்றிலொரு பங்கினை வெறுமையாக விட்டு, வாயை இறுக மூடி, ஐந்து நிமிடமாவது குலுக்குவது. வெறுமையாகக் கிடக்கும் பகுதியிலுள்ள வளியே போதியது என்பதை மேற்கண்ட கணக்குக் காட்டும். கண்ணாடிக் கலத்தை இவ்வாறு குலுக்குவது ஆபத்தானது. பிளாத்திக்குக் கலமே ஏற்றது.

(இ) கடைதல். கொதிநீரில் இட்டெடுத்த மத்தினால் சாற்றைக் கடைவது. சிறிய அளவுக்கு இது மிகப் பொருந்தும். மரமத்தின் வெடிப்புகளில் கிருமி தங்குமாதலின் உலோக மத்து விரும்பத்தக்கது.

(ஈ) வடிதட்டு. சாற்றை நொதிகலத்துக்கு மாற்றும்போது வாயில் ஒரு துருவேறா வடிதட்டினை வைத்து அதன்மீது ஊற்றுவது. ஒரே தாரை நூறு தாரைகளாகப் பிரிந்து வீழ்வதால் தொடுபரப்பு பெருகுகின்றது. கொதித்த ஹொப்ஸின் கசடும் அங்கே தங்கிவிடும்.

(உ) துளையிட்ட குழாய். சாற்றை உறிகுழாயினால் இறக்கும்போது, குழாயின் கீழ்நோக்கிச் செல்லும் பகுதியில், மேல்முனைக்கு அண்மையாக, ஊசியால் சில துளைகளை இடுவது. விரைந்து பாயும் திரவம் தன்னைச் சூழ்ந்த அழுத்தத்தைக் குறைக்கின்றது. ஆதலால் சாறு துளைவழியே வெளியே கசியாது, வளியே உள்ளே இழுபடும். இத்தாலிய அறிஞர் வெந்தூரி 1797இல் வெளியிட்ட தத்துவத்தின் எளிய பிரயோகம் இது.

(ஊ) மீன்தொட்டிப் பம்பி. வீட்டு மீன்தொட்டிக்குப் பயன்படும் சிறு மின்பம்பியையும் நுண்துளைக் கல்லையும் கொண்டு அரைமணித்தியாலமளவு வளியைச் செலுத்துவது. நுரை பொங்கி வழியுமாதலின் விட்டுவிட்டு இயக்க வேண்டும். அறைவளியில் மிதக்கும் பூஞ்சண வித்திகளும் பற்றீரியாக்களும் உட்புகாதிருக்க ஒரு வடிகட்டி தேவை. விற்பனைக்குள்ள நுண்வடிகட்டி கிட்டாதவிடத்துக் கிருமிநீக்கிய பஞ்சினை நெருக்கி அடைத்த சிறு குழாய் ஓரளவு பயன்தரும். பஞ்சினூடாக வடிந்த வளி கொதித்த கூழ்மங்களைக் கெடச்செய்யாதென்பதை 1854இலேயே ஷ்ரோடர், டூஷ் ஆகியோர் பரிசோதித்துக் காட்டினர். பஞ்சு நனைந்தால் மாற்றிவிடல் வேண்டும்.

(எ) ஊட்டாது விடுதல். மலிவான முறை இதுவே. உலர்மதுவப் பொதிகளை ஆக்கும் நிறுவனங்கள் மதுவத்தை மிகுவளியில் வளர்த்து, வேண்டிய ஸ்ரரோல்களைக் கலத்துள் சேமித்தே உலர்த்துகின்றன. ஆதலால் உலர்மதுவத்தை முதன்முறை போதிய அளவில் இடும்போது வளியூட்டல் அத்தியாவசியமன்று. அறுவடை செய்த பழைய மதுவத்தை மீண்டும் பயன்படுத்தும்போதும், திரவ மதுவத்தை இடும்போதும், வெல்லம் செறிந்த சாற்றிலுமே வளியூட்டல் கட்டாயமாகின்றது.

எம்முறையைக் கைக்கொள்ளினும் இரு விதிகள் பொதுவானவை. முதலாவது, சாறு 27 பாகைக்குக் கீழே ஆறிய பின்னரே வளியூட்ட வேண்டும். சூடான திரவத்தில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். கரைந்த சிறிதளவும் சாற்றின் கூறுகளை ஒட்சியேற்றி நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். இரண்டாவது, நொதித்தல் தொடங்கிய பின்னர் வளி நண்பனன்று. அப்போது புகும் வளி பியரைப் பழைய கடதாசியின் சுவைக்கு இட்டுச்செல்லும். அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் உடன்சேரின் பியர் வினாகிரியாகும். ஒரே பொருள் ஒரு கட்டத்தில் உயிரூட்டுவதாயும் மறுகட்டத்தில் அழிப்பதாயும் இயங்குவதை இயங்கியலைக் கற்பிப்போர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

4. மலையின் கணக்கு

மேலே தரப்பட்ட அளவுகள் கடல்மட்டத்துக்குரியவை. உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதால் நீரில் கரையும் ஒட்சிசனும் குறைகின்றது. 1000 மீற்றர் உயரத்தில் அமுக்கம் கடல்மட்டத்தின் 89 சதவீதமளவு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 80 சதவீதமளவு. தெளிந்த நீரை எடுத்துக்கொண்டால், கடல்மட்டத்தில் 20 பாகையில் ஓர் இலீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 1000 மீற்றரில் அமைந்த கொத்மலைத் தோட்டமொன்றில் அதே வெப்பநிலையில் 8.1 மில்லிகிராமே கரையும். ஆனால் மலையின் குளிர் இவ்விழப்பை ஈடுசெய்கின்றது. அதே தோட்டத்தில் நீர் 15 பாகைக்குக் குளிர்ந்திருப்பின் அளவு 9.0 ஆக உயர்கின்றது. 30 பாகை வெப்பமுள்ள கொழும்பில் 7.6 மில்லிகிராமே கரையும். உயரம் எடுத்துக்கொண்டதைக் குளிர் திருப்பித் தருகின்றது என்பதே இதன் சாரம். பாறையிடுக்கிலிருந்து பீலிவழியே வீழும் நீரின் சுவையை மலைநாட்டு மக்கள் விதந்து பேசுவதற்கு அதன் குளிர்மையோடு, வீழ்கையில் அது வளியைத் தன்னுட் கொள்வதும் காரணமாகலாம்.

மலைநாட்டின் பியர்த் தொழில் இக்குளிரையும் இந்நீரையும் முதலீடாகக் கொண்டே எழுந்தது. சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றமொன்றை நிறுவ முயன்றது 1848இல். அங்கு 1881இல் நிறுவப்பெற்ற பியர்த் தொழிற்சாலை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கி, 1990களின் பிற்பகுதியில் தாழ்நிலத்துப் பியகமவுக்கு இடம்பெயர்ந்தது. குளிரூட்டும் இயந்திரம் மலிந்த பின்னர் மூலதனத்துக்கு மலையின் குளிர் தேவைப்படவில்லை. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அண்மையே தேவைப்பட்டது.

5. பழந்தமிழ்ச் சான்று

வீட்டு மதுவாக்கம் தமிழர்க்குப் புதியதா? பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இதற்குத் தெளிவான விடை தருகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய இந்நூலில், இல்லத்திலேயே ஆக்கப்பெறும் ‘தோப்பி’ என்னும் கள் ஓரிடத்தில் பேசப்படுகின்றது. பிறிதோரிடத்தில், வலைஞர் குடியிருப்பினை வருணிக்கும் பகுதியில், அரிசிக் கூழினின்று மது ஆக்கும் முறை படிமுறையாகவே கூறப்படுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்தல். அதனை அகன்ற வாயையுடைய பிழாவில் இட்டு ஆற்றுதல். முளையினாலான அடையைக் கலத்தல். இரு பகலும் இரு இரவும் சாடியில் முதிரவிடுதல். பின் விரலால் அலைத்துப் பிழிதல் என்பன அப்படிகள்.

இப்பகுதியைச் சுவைநயம் கருதி விளக்கியோர் பலர். தொழில்நுட்பச் சான்றாக நோக்கியோர் சிலரே. நவீன மதுவாக்கத்தின் அடிப்படைகள் இங்கு நிரல்பட நிற்பது மனங்கொள்ளத்தக்கது. சமைத்தல் மாப்பொருளை நெகிழ்த்துகின்றது. முளை நொதியத்தை அளிக்கின்றது. சாடி வளியைத் தடுக்கின்றது. இவற்றுக்கிடையே அகன்ற வாய்க் கலத்தில் ஆற்றும் செயல் நிற்கின்றது. அகன்ற வாய் சூட்டை விரைந்து போக்கும். அதே வேளையில் வளிதொடும் பரப்பையும் பெருக்கும். அக்காலத்தவர் ஒட்சிசனை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பழம்பெருமை பேசும் நோய்க்கு இரையாவதாகும். அறிவியற் கோட்பாடு அவரிடம் இல்லை. ஆனால் கோட்பாட்டுக்கு முந்திய, கையின் வழி பெறப்பட்ட உழைப்பறிவு இருந்தது. ஆற்றாது முளையை இட்டால் நொதியம் வெந்து கெடும் என்பதை அவர்களது கை அறிந்திருந்தது. ‘ஆற்றுதல்’ என்னும் ஒரே வினை சூடு தணித்தலையும் செயல் செய்தலையும் குறித்து நிற்பது இவ்விடத்து நினைக்கத்தக்கது.

6. கொத்மலையில் ஒரு சொல்லின் பிழை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து 12 முதல் 18 மணித்தியாலம் வரை வாடுகின்றது, பின் உருட்டப்படுகின்றது. உருட்டலில் இலையின் கலங்கள் உடைந்து, அதன் பொலிபீனோல்கள் இலையிலேயே உள்ள நொதியத்தினதும் வளியிலுள்ள ஒட்சிசனதும் தாக்கத்துக்கு உள்ளாகின்றன. செந்நிறமும் துவர்ப்பும் மணமும் அங்ஙனமே தோன்றுகின்றன. இம்மாற்றத்தில் மதுவத்துக்கு இடமேயில்லை. வெல்லம் அற்ககோலாக மாறுவதுமில்லை. ஆகவே இது நொதித்தலன்று, ஒட்சியேற்றம். மதுவாக்கத்தோடு மயங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய பெயரே தோட்டங்களில் இன்றளவும் நிலைத்துவிட்டது. பியரில் வளி தொடக்கத்தில் மட்டும் வேண்டப்படுவது. தேயிலையில் இறுதிச் சூடுவரை வேண்டப்படுவது. பெயர் ஒன்றாயினும் வளியோடான உறவு நேரெதிரானது.

இது வெறும் கலைச்சொற் சிக்கலன்று. உருட்டும் இயந்திரத்தைக் காக்கும் தெய்வமாக ரோதைமுனியை வழிபடும் தொழிலாளிக்குத் தன் கைப்பட நிகழும் மாற்றத்தின் காரணம் சொல்லப்படுவதில்லை. இலையின் மணத்தை நுகர்ந்து கட்டத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மேலுள்ளவருக்கு; இலையைப் பரப்பிக் கிளறி வளிபடச் செய்யும் உழைப்பு தொழிலாளிக்கு. மார்க்சின் மூலதனம் இரண்டாம் பாகம், ஏங்கெல்சால் 1885இல் வெளியிடப்பட்டது, உற்பத்தி நேரமும் உழைப்பு நேரமும் ஒன்றல்ல என்பதை விளக்க, பிழிந்த திராட்சைச் சாறு நொதிக்க எடுக்கும் காலத்தைச் சான்றாகக் காட்டுகின்றது. அக்காலத்தில் இயற்கை தன் தொழிலைச் செய்கின்றது. உழைப்பு ஒதுங்கி நிற்கின்றது. வளியூட்டல் அவ்விடைவெளியின் வாயிலில் நிகழும் சிறு உழைப்பு. சில நிமிட உழைப்பு பல நாள் இயற்கை நிகழ்வின் கதியைத் தீர்மானிக்கின்றது. அச்சில நிமிடத்தின் அறிவை யார் வைத்திருக்கின்றனர் என்பதே வர்க்க வினா.

மதுவைப் பற்றிய பேச்சிலும் இவ்வினா மறைந்துள்ளது. தோட்டத் தொழிலாளி குடிகாரன் என்னும் பழி நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அத்தோட்டங்களை அடுத்துத் தவறணைகள் எழுந்ததும், அரக்குக் குத்தகை காலனித்துவ அரசின் வருவாய்க்குத் தூணாக நின்றதும் அப்பழியில் இடம்பெறுவதில்லை. அரக்குக் குத்தகை உள்ளூர் முதலாளி வர்க்கத்தின் மூலதனத் திரட்சிக்கு முக்கிய ஊற்றாக அமைந்ததை குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டு வெளிவந்த தமது ஆய்வில் நிறுவியுள்ளார். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி மது ஆக்குவது இந்நாட்டில் குற்றமாகும். மேலே விளக்கிய வீட்டு முறைகள் சட்டம் இடந்தரும் நாடுகளுக்கே உரியன. ஐக்கிய இராச்சியம் 1963இல் வீட்டு மதுவாக்கத்துக்கான அனுமதித் தேவையை நீக்கியது. ஐக்கிய அமெரிக்கா 1978இல் அதற்குச் சட்டமியற்றியது. ஒரு நாட்டில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகும் செயல் மறுநாட்டில் சிறைக்குரியதாகின்றது. லயத்துக்குப் பின்னால் காய்ச்சப்படும் கசிப்பு உயிர்கொல்லும் நஞ்சாவதை நாம் மறைக்கவில்லை. மதுவைப் போற்றுவதும் நம் நோக்கமன்று. லயத்து வறுமையில் மதுவின் சுமையைத் தாங்குபவள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்ணே என்பதை மலைநாட்டு எழுத்து மீண்டும் மீண்டும் பதிவு செய்துள்ளது. நாம் வேண்டுவது ஒன்றே: அறியாமையைத் தொழிலாளியின் இயல்பெனக் காட்டாது, அறிவு அவனிடமிருந்தும் அவளிடமிருந்தும் விலக்கிவைக்கப்பட்ட வரலாற்றை நோக்குதல்.

வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி 1983இல் நூலாக்கினார். வாய்மொழிப் பாடலைத் திரட்டுவது போன்று வாய்மொழித் தொழிலறிவையும் திரட்டும் கடமை நமக்குண்டு. வாட்டம், உருட்டல், ரோதை, பீலி, சாயத்தண்ணீர் ஆகிய சொற்களில் உறைந்திருக்கும் அறிவைத் தொகுத்து, அதற்குரிய அறிவியல் விளக்கத்தைத் தமிழிலேயே அளித்து, அச்சொற்களை வழங்கிய மக்களிடமே மீளச்சேர்ப்பது தமிழாய்வின் பணியாகும். ‘நொதித்தல்’ என்னும் இடத்தில் ‘ஒட்சியேற்றம்’ என்று எழுதுவது சிறு திருத்தம். ஆனால் தன் கையில் நிகழ்வது யாதென்பதைத் தன் மொழியில் அறிந்த தொழிலாளி, அக்கையின் பெறுமதி யாதென்று கேட்கவும் தொடங்குவாள். அக்கேள்விக்கு இடமமைப்பதே இவ்விளக்கத்தின் பயன்.